ஏழாம் உலகமும் நானும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் நானும் அப்படியே எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணாடியில் தெரிவது தன் முகமாகவே இருந்து, அந்த முகத்தில் ஒரு தழும்பும் இருந்துவிட்டால் பார்ப்பவன் என்ன செய்வான்? முகத்தைத் திருப்பிக்கொள்வானா? கண்ணாடியை உடைக்கப் பார்ப்பானா? நின்று நிதானமாகப் பார்ப்பானா? ஒரே ஒரு நாவலிடம் இம்மூன்றையும் நான் செய்திருக்கிறேன். ஏன் செய்தேன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு நூலகத்தில் நாங்கள் சிலர் கூடி, எழுத்தாளர் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலைப் பற்றிப் பேசினோம். ஒரு நண்பர், “மனுசனை மனுசன் மாடு மாதிரி விக்கிறதாவது! எழுத்தாளர் ரொம்ப மிகைப்படுத்துறார்” என்றார். இன்னொருவர், “நடந்தாலும்தான் என்ன? இவ்வளவு இருட்டை எதுக்கு எழுதணும்? படிச்சா தூக்கம் கெடுறதுதான் மிச்சம்” என்றார். இருவருமே நல்லவர்கள், என் நண்பர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாவல் கூறுவது

‘ஏழாம் உலகம்’ 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. பூமிக்குக் கீழே ஏழு உலகங்கள் உண்டு என்றும், அவற்றுள் கடைசியானது பாதாளம் என்றும் புராணங்கள் கூறும். அந்தக் கடைசி உலகத்தை ஆசிரியர் மண்ணுக்கு அடியில் தேடவில்லை. பழனி மலையடிவாரத்திலும் பிச்சைக்காரர் வரிசையிலும் காட்டுகிறார். கையோ காலோ இல்லாதவர்கள், தொழுநோயாளிகள், பிறவியிலேயே உடல் கோணியவர்கள் ஆகியோரைச் சேர்த்து வைத்துப் பிச்சையெடுக்கச் செய்து, அந்தக் காசில் குடும்பம் நடத்துகிறார் போத்திவேலுப் பண்டாரம். அவர்களை வாங்குகிறார், விற்கிறார். அந்தத் தொழிலின் பேச்சில் அவர்கள் மனிதர் அல்லர், ‘உருப்படிகள்’. முத்தம்மை என்ற பெண் பெற்றெடுக்கும் குழந்தைகளும் அந்தச் சந்தைக்கு உரிய சரக்குகளே.

இவ்வளவைக் கேட்டதும் பண்டாரத்தை ஓர் அரக்கனாக நாம் கற்பனை செய்துகொள்வோம். ஆசிரியர் அதற்கு இடம் தரவில்லை. பண்டாரம் தம் பெண்மக்களை உயிராக நேசிக்கும் தந்தை. அவர்களுக்குக் கலியாணம் செய்து கொடுக்க வேண்டுமே என்று தவிப்பவர். சாமி கும்பிடுபவர். இந்த மனிதரே அந்தத் தொழிலையும் செய்கிறார் என்பதுதான் நாவலின் அடிநாதம். இதனைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த ‘நான் கடவுள்’ திரைப்படம் 2009-இல் வெளிவந்து, சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. 2023-இல் நாவல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று.

கோயில் நகரில் வாழும் நமக்கு இந்நாவல் அந்நியமானதன்று. நம் கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். அஷ்டலிங்கங்களையும் வணங்கிக்கொண்டு பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அப்பாதையின் ஓரத்தில் துண்டு விரித்து அமர்ந்திருப்போரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் எல்லாரும் விற்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. என் அம்மா அந்தப் பாதையில்தான் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் விற்கிறார். பலரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். நாவலின் கதையை நான் சொல்லக் கேட்டுவிட்டு, “அதுல அவங்க சிரிக்கிறாங்களாடா?” என்று கேட்டார். “சிரிக்கிறாங்கம்மா” என்றேன். “அப்ப எழுதினவரு பக்கத்துல உக்காந்து பார்த்திருக்காரு. எந்த அன்னதானத்துல சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு அவங்க பேசிக்கிறதைக் கேட்டா உனக்கே சிரிப்பு வரும் கண்ணு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் அந்நாவலுக்கு வழங்கிய முதல் மதிப்புரை அது.

எனக்கும் அதற்கும் என்ன உறவு?

நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அப்பா கல் உடைத்தவர். பிறகு மூட்டை தூக்கினார். அக்காவின் கலியாணக் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் ஒரு தரகர் வந்தார். வட மாநில நகரம் ஒன்றில் முறுக்குக் கம்பெனி. பையனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, தங்க இடம். முன்பணம் 15,000 ரூபாய் என்றார். அவர் நீட்டிய காகிதத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். எனக்கு அப்போது வயது பத்து.

அங்கே காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள். படுக்க இரவு பதினொன்று ஆகும். மாவு பிசைவது, அச்சில் பிழிவது, எண்ணெய்ச் சட்டி முன் நிற்பது, ஆறியதை எண்ணிப் பொட்டலம் கட்டுவது என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். முறுக்குக் கருகினால் ஜல்லிக் கரண்டியால் அடி. ஒருமுறை அந்தக் கரண்டி, சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு என் இடது முன்கையில் விழுந்தது. அந்தத் தழும்பு என்ன என்று விடுதியில் கேட்டவர்களிடம், சிறு வயதில் அடுப்பில் விழுந்தேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். கேட்ட நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

அடியைக் காட்டிலும் எனக்கு மறக்காதது ஒரு நோட்டுப் புத்தகம். சரக்குக் கணக்கு எழுதும் நோட்டு அது. கணக்கு எழுதியவர் தமிழர். எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும். ஒரு நாள் திறந்து கிடந்த பக்கத்தில் ‘மாவு 6 மூட்டை, எண்ணெய் 4 டின், பையன் 7’ என்று எழுதியிருந்தது. ஏழு பேரில் ஒருவன் நான். வரிசையில் எண்ணெய்க்கு அடுத்து இருந்தேன்.

பதினான்கு மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்ததன்பேரில் அதிகாரிகள் வந்து எங்களை மீட்டார்கள். ஊருக்கு வந்து, குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பயிற்சி மையத்தில் ஓராண்டு படித்து, ஏழாம் வகுப்பில் சேர்ந்தேன். அங்கிருந்து இந்தக் கல்லூரி வரை வந்தேன்.

இப்படியும் நடக்குமா என்று கேட்ட நண்பருக்கு என் தழும்பை மட்டும் காட்டினால் போதாது. நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களையும் காட்டலாம். அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனித விற்பனையையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணம் கொடுத்து ஆளைப் பிணைத்து வைப்பதைக் குற்றமாக்கியதோடு, அந்தக் கடனே செல்லாது என்றும் கூறிவிட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோரைப் பிறரிடம் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். பிச்சையெடுக்க வைப்பதற்காகக் குழந்தையைக் கடத்துவதும் அங்கஹீனப்படுத்துவதும் குற்றம் என்று, 1959-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றினால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 363-ஏ என்ற தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 139-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை அன்றோ?

முதல் வாசிப்பு

நாவலை முதல் முறை எடுத்தது முதலாம் ஆண்டில். கோயில் நகரத்துக் கதை என்று யாரோ சொன்னதால் எடுத்தேன். உருப்படிகளுக்கு விலை பேசும் பக்கங்கள் வந்தன. திடீரென்று அறை முழுவதும் கருகிய எண்ணெய் வாசம். விடுதியில் அப்போது அடுப்பே எரியவில்லை. உள்ளங்கை வியர்த்து, காகிதம் விரலில் ஒட்டியது. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் காலை நூலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் வந்தது கோபம். ‘எங்கள் வலி இவருக்கு ஒரு கதைப் பொருளா? பண்டாரம் கோயில் வாசலில் விற்றதையே இவர் புத்தகக் கடையில் விற்கிறாரா?’ என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். இந்தக் கேள்வி இன்றும் அநியாயமானது என்று நான் நினைக்கவில்லை. துயரத்தை எழுதும் எவரும் இந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏன் எண்ணெய் வாசம் வந்தது? நான் விலங்கியல் மாணவன். எனக்கு விடை பாடப் புத்தகத்தின் பக்கத்திலேயே கிடைத்தது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி உள்ளது. ஆபத்தை உணர்ந்து உடலை எச்சரிப்பது அதன் வேலை. அருகில் உள்ள ஹிப்போகாம்பஸ், நடந்தது எப்போது, எங்கே என்று முறையாகப் பதிவு செய்ய உதவுகிறது. மிகுந்த அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் அச்சத்தின் நினைவை ஆழப் பதிக்கின்றன. ஆனால் காலமும் இடமும் அதே தெளிவோடு பதியாமல் போகலாம். எனவே பிற்காலத்தில் ஒரு சொல்லோ ஒரு மணமோ தூண்டினால், ‘அன்று நடந்தது’ என்று தோன்றாமல் ‘இன்று நடக்கிறது’ என்றே உடல் நடுங்குகிறது. பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்னும் நிலையத்தைக் கடந்தே பெருமூளைப் புறணிக்குச் செல்கின்றன. மணம் மட்டும் அங்கே நிற்காமல் அமிக்டலாவுக்கு நேராகச் செல்ல வழி உண்டு. பழைய நினைவு எனக்கு மணமாக வந்ததில் ஆச்சரியமில்லை.

இந்நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் கிடைத்ததே அண்மைக் காலத்தில்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட துன்பத்தின் விளைவாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் தன் கையேட்டில் இதனை ஒரு நோயாகச் சேர்த்தது. அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்று தமிழில் கூறலாம். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது. நான் கோழை என்பதால் புத்தகத்தை மூடவில்லை. என் உடல் தன் கடமையைச் செய்தது, அவ்வளவே.

அழுகை இருவகை

எனக்கு நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ளத் தமிழ் வகுப்பும் உதவியது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் அழுகைக்கு நான்கு காரணங்கள் காட்டுகிறார். பிறர் தன்னை இழிவாக நடத்துவது, உள்ளதை இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை ஆகியன அவை. இழிவு முதலிலும் வறுமை கடைசியிலும் இருப்பதை வகுப்பில் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முறுக்குக் கம்பெனியில் பசியைக் காட்டிலும் அந்த நோட்டுப் புத்தகம் ஏன் அதிகமாகச் சுட்டது என்பதற்கு அங்கே விடை இருந்தது.

உரையாசிரியர்கள் இன்னொரு நுட்பமும் காட்டுகிறார்கள். தன்னிடத்தே தோன்றிய துன்பத்துக்கு அழுவது ஒன்று. பிறரிடத்தே கண்ட துன்பத்துக்கு அழுவது மற்றொன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும், அவல நாடகம் பார்ப்போரிடம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளைக் கழுவுகிறது என்றார். ஆனால் பார்வையாளன் மேடைக்கு வெளியே அமர்ந்திருக்கிறான் என்பது அவர் கூற்றில் அடங்கியிருக்கிறது. முதல் வாசிப்பில் நான் மேடையின்மீது நின்றேன். முத்தம்மைக்காக நான் அழவில்லை, எனக்காக அழுதேன். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இரண்டாம் வாசிப்பு

ஆறு மாதங்கள் கழித்து, பாதியில் விட்டதைச் சொன்னபோது ஒரு பேராசிரியர், “மூடினது தப்பில்லை தம்பி. வேணும்னா பகல்ல படி, தனியா படிக்காதே” என்றார். அவ்வாறே செய்தேன். ஆய்வகத்துக்குப் பின்புற மரத்தடியில், நண்பன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து ரெக்கார்டு நோட்டு வரைந்துகொண்டிருக்க, நாளுக்கு இருபது பக்கம் என்று படித்தேன். மணம் வந்தால் நிறுத்திவிட்டு, மரத்தில் உள்ள பறவைகளை எண்ணுவேன். இருபது நாட்களுக்குள் முடித்துவிட்டேன். இம்முறை மூன்று செய்திகள் கண்ணில் பட்டன.

முதலாவது, சிரிப்பு. நாவலின் பிச்சைக்காரர்கள் ஓயாமல் கேலி பேசுகிறார்கள். ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள்; சாமியையும் முதலாளியையும் விட்டுவைப்பதில்லை. ஒருவருக்கு ஒருவர் பரிந்தும் பேசுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகை என்று படலாம். எனக்கு இதுதான் முழு உண்மை என்று பட்டது. நாங்கள் ஏழு பேரும் அந்த எண்ணெய்ச் சட்டிக்கு முதலாளியின் பெயரை வைத்திருந்தோம். ‘ஐயாவுக்குக் கோபம் ஏறிடுச்சு, தீயைக் குறைடா’ என்று சொல்லிச் சொல்லி, சத்தம் வெளியே கேட்காமல் சிரிப்போம். அந்தச் சிரிப்பு எங்களுக்கு மட்டுமே சொந்தம். அது எந்த நோட்டிலும் ஏறவில்லை. துன்பப்பட்டவர்களை வெறும் துன்பமாக மட்டுமே எழுதும் கதைகள் எங்களை இரண்டாம் முறை உருப்படியாக்குகின்றன. இந்நாவல் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது, பண்டாரம். உண்மையில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுவே. என் முதலாளியை இத்தனை ஆண்டுகளாக நான் ஓர் அரக்கனாகவே நினைவில் வைத்திருந்தேன். அப்படி வைத்திருப்பது எளிது. ஆனால் அவர் தினமும் காலையில் கற்பூரம் ஏற்றுவார். மாலையில் தம் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். அந்தச் சிறுமிக்கு ஏறத்தாழ என் வயது. ஏழாம் வாய்ப்பாட்டை அவள் தப்பாகச் சொல்ல, நான் மாவு பிசைந்துகொண்டே மனத்துக்குள் திருத்துவேன். அந்த மடியையும் அந்தக் கரண்டியையும் ஒரே மனிதருக்கு உரியவையாக எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு இருந்ததில்லை. நாவல் அதைச் செய்யச் சொன்னது. அரக்கர்களுக்கு அஞ்சி ஒதுங்கினால் போதும். சாதாரணக் குடும்பத்து மனிதன் மற்றொருவன் பிள்ளையைச் சரக்காக எண்ணத் தொடங்கும் இடத்தை அறிய வேண்டுமானால் நம்மையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓட்டலில் மேசை துடைக்கும் சிறுவனை நான் ஏறிட்டுப் பார்க்காத நாட்களும் உண்டு.

மூன்றாவது, என் குறை. நாவலில் வெளியே போகும் கதவு இல்லை. என் வாழ்க்கையில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கதையில் அப்படி ஒருவரும் வரவில்லையே என்று பேராசிரியரிடம் சண்டைக்கே போனேன். அவர் சிரித்துவிட்டு, “அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாவலுக்குள்ள இருக்கணும்னு அவசியமில்லை தம்பி. படிக்கிறவங்கள்ல ஒருத்தரா இருந்தாப் போதும்” என்றார். இது நல்ல பதில். ஆயினும் என் குறை முழுவதும் தீரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இன்னும் உள்ளே இருக்கும் ஒருவன் கையில் இப்புத்தகம் கிடைத்தால், கதவு உண்டு என்று அவனிடம் யார் சொல்வார்கள்?

தாமே எழுதியவர்கள்

பட்டவர்களே எழுதிய நூல்களும் உண்டு. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1983-இல் ஆந்திர மாநிலம் குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகக் காவலில் வைத்து வதைக்கப்பட்டவர். அந்த அனுபவத்தை ‘லாக்கப்’ என்ற நாவலாக 2006-இல் வெளியிட்டார். அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஆட்டோவின் பின்னிருக்கையில் பயணம் செய்த எத்தனை பேருக்கு, முன்னால் அமர்ந்திருப்பவர் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்திருக்கும்?

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இன்னொருவரையும் அறிமுகம் செய்ய விரும்புகிறேன். இத்தாலியரான பிரிமோ லெவி ஒரு வேதியியலாளர். யூதர் என்பதற்காக 1944-இல் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் கையில் 174517 என்ற எண்ணைப் பச்சை குத்தினார்கள். உயிரோடு திரும்பி, அனுபவத்தை நூலாக எழுதினார். பெரிய பதிப்பகம் ஒன்று முதலில் அதனை ஏற்க மறுத்தது. 1947-இல் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டது. ஆய்வகக் குறிப்பு எழுதுவதுபோல் நிதானமாக அவர் எழுதியதே அந்நூலின் வலிமை என்பர். அந்த எண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்கு ‘பையன் 7’ நினைவு வந்தது. அவர் பட்டதும் நான் பட்டதும் ஒன்றல்ல. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் மனிதன் எண்ணாக மாற்றப்படும் முறை எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இப்படி எழுதுவதால் பயன் உண்டா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி ஒருவரும் இதனை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். 46 கல்லூரி மாணவர்களைப் பிரித்து, சிலரைத் தம் வாழ்வின் மிகக் கொடிய அனுபவத்தைப் பற்றியும், சிலரைச் சாதாரணப் பொருள்களைப் பற்றியும் நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதச் செய்தனர். கொடிய அனுபவத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே அதிகமாக மனம் தளர்ந்தார்கள். ஆனால் நடந்ததையும், அப்போது தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இந்த அளவுக்குப் பயனைக் காட்டவில்லை. இது மருந்துக்கு மாற்று அன்று. ஆனால் கேலிக்குரியதும் அன்று. முதலில் வலித்துப் பிறகு தெளிவது என் இரு வாசிப்புகளின் கதையும்தான்.

அப்பாவிடம் கேட்டது

நாவலை முடித்தபின் வந்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். பத்து ஆண்டுகளாகக் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. பெண்ணின் கலியாணத்துக்காகத் தவித்த பண்டாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலாளி முகம் மட்டும் தெரியவில்லை. அப்பா முகமும் தெரிந்தது. இதை எழுதக் கை நடுங்குகிறது. பண்டாரமும் அப்பாவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஒருவர் விற்றுப் பிழைத்தவர்; மற்றவர் ஏமாற்றப்பட்டவர். ஆனால் அந்த வேறுபாட்டை அப்பாவின் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

இரவு திண்ணையில் அமர்ந்திருந்தபோது, “அந்தக் காகிதத்துல என்னப்பா எழுதியிருந்துச்சு?” என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதைப் படிக்கத் தெரிஞ்சிருந்தா உன்னை அனுப்பியிருப்பனாடா?” என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று நான் சொன்னபோதுதான், நான் ஊர் திரும்பிய பிறகும் இரண்டு ஆண்டுகள் அவர் தரகரிடம் அதைக் கட்டி வந்தார் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார். எனக்கு அன்றுதான் தெரியும்.

நாவல் எங்கள் வீட்டுக் காயத்தை ஆற்றிவிட்டது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது உண்மையன்று. கேட்கும் துணிவை மட்டும் தந்தது. அதற்கே நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

முடிவாக

இருண்ட நாவல்கள் நஞ்சும் அல்ல, மருந்தும் அல்ல. அவை சாட்சியங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கேட்பவர்கள் வேண்டும். பட்டவன் அதே சாட்சியத்தைத் தானும் படித்து, ‘இது மெய், இது குறை’ என்று சொல்லும் நாளில், அவனும் குற்றத்துக்கு உரிய பொருளாக இராமல் சாட்சியாக எழுந்து நிற்கிறான். அதற்கு அவனுக்கு இரண்டு உரிமைகள் வேண்டும்: புத்தகத்தை மூடும் உரிமை, தான் விரும்பும் நேரத்தில் மீண்டும் திறக்கும் உரிமை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய நூல்களைத் தயங்காமல் அறிமுகம் செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பாதியில் திருப்பிக் கொடுக்கும் மாணவனைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர்களே, ‘இதெல்லாம் மிகை’ என்று சொல்லும் முன், அடுத்த நாற்காலியில் இருப்பவன் முகத்தை ஒரு முறை பாருங்கள். மனம் தாங்காத நிலை வந்தால், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் செய்தது ஒரு புகார்தான். அதனால்தான் இக்கட்டுரை எழுதப்பட்டது.

நிறைவாக ஒன்று. அந்த நோட்டில் ‘பையன் 7’ என்று எழுதப்பட்டவர்களில் மற்ற ஆறு பேரின் பெயர்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அனுமதி கேட்க வழியில்லை. ஆதலால் இங்கே அப்பெயர்களை எழுதவில்லை. ஆறு பேருக்கும் பெயர் உண்டு என்பதை மட்டும் இந்த மலரில் பதிவு செய்து விடைபெறுகிறேன்.